கயிலாய யாத்திரைக்கு டிராவல் இன்ஷூரன்ஸ்: எதைப் பார்த்து எடுப்பது?

கும்பகோணத்தான்

வணக்கம். அப்பாவும் அம்மாவும் ஜூன் மாதம் கயிலாயம் - மானசரோவர் போகிறார்கள். அரசு நடத்தும் யாத்திரை இல்லை, சென்னையிலிருந்து ஒரு தனியார் டூர். லக்னோ வரை விமானம், அங்கிருந்து தரைவழியாக நேபாள்கஞ்ச், பிறகு சிமிகோட், ஹில்சா, புராங், மானசரோவர், டார்ச்சன். மொத்தம் 12 நாள்.

அப்பாவுக்கு 67. பத்து வருஷமாக பி.பி.க்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுக்கிறார். அம்மாவுக்கு 62, முழங்கால் வலி தவிர வேறு தொந்தரவு இல்லை. அப்பா பரிக்கிரமா (கயிலையைச் சுற்றி வலம் வருவது) மூன்று நாளும் போயே தீருவேன் என்கிறார். அம்மா, பரிக்கிரமா தொடங்கும் ஊரான டார்ச்சனிலேயே தங்கிக்கொள்வார்.

"இன்ஷூரன்ஸ் எல்லாம் பேக்கேஜிலேயே இருக்கு சார்" என்கிறார் டூர்காரர். ஆன்லைனில் பார்த்தால் 50,000 டாலர், 1 லட்சம் டாலர், 2.5 லட்சம் டாலர் என்று வரிசையாக வருகிறது. எதை வைத்து முடிவு செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மலைக்கோட்டை

தம்பி, டாலர் தொகையைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது உயரம்.

மானசரோவர் கரை ஏறத்தாழ 4,590 மீட்டர். டார்ச்சனும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். பரிக்கிரமாவின் முதல் இரவு திராபுக்கில், 5,000 மீட்டரை ஒட்டி. இரண்டாம் நாள் டோல்மா லா கணவாய், சுமார் 5,630 மீட்டர். நம் ஊரில் விற்கும் பாலிசிகள் பலவற்றில் நடைபயணத்துக்கு ஓர் உயர வரம்பு உண்டு. ஒன்றில் 4,500, இன்னொன்றில் 5,000, வேறொன்றில் 6,000 என்று இருக்கும். சிலவற்றில் எண்ணே இருக்காது. "சாகச விளையாட்டுகள் நீங்கலாக" என்ற ஒரே வரியில் முடித்திருப்பார்கள். விளம்பரத் தாளில் இதெல்லாம் வராது. நாற்பது ஐம்பது பக்கத்துக்கு ஒரு பாலிசி வாசகம் பி.டி.எஃப்.ஆக இருக்கும், அதில் விலக்குகள் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள்.

அதில் இரண்டு விதமான வரி வரும். "4,500 மீட்டருக்கு மேல் மலையேற்றம், நடைபயணம் மேற்கொண்டால் காப்பு இல்லை" என்பது ஒன்று. "4,500 மீட்டருக்கு மேல் நிகழும் எதற்கும் காப்பு இல்லை" என்பது மற்றொன்று. முதல் வரி அப்பாவை மட்டும் பாதிக்கும். இரண்டாவது வரியில் டார்ச்சனில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் அம்மாவும் வெளியே போய்விடுவார், ஏரிக்கரையில் நெஞ்சு வலித்தாலும்கூட.

இன்னொரு கண்ணி. மலையேறுதலை விலக்கும் வரி பெரும்பாலும் "கயிறோ வழிகாட்டியோ வழக்கமாகத் தேவைப்படும் மலையேறுதல்" என்று எழுதப்பட்டிருக்கும். திபெத்துக்குள் வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமல் போகவே முடியாது. ஆக, வழிகாட்டி என்ற அந்த ஒரு சொல்லை வைத்தே கிளெய்மை மறுக்க இடமிருக்கிறது. நம் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க ஒரு வருஷம் அலைய வேண்டும்.

அதனால் பணம் கட்டும் முன் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கால் சென்டர் பையன் போனில் "ஓகே சார், கவர் ஆகும்" என்று சொல்வதற்கு மதிப்பு இல்லை. கேள்வி சுற்றி வளைக்காமல் இப்படி இருக்கட்டும்:

"காப்பீடு பெறுபவர், வயது 67, கயிலாயப் பரிக்கிரமாவில் நடந்தோ குதிரையிலோ 5,630 மீட்டர் உயரமுள்ள டோல்மா லா கணவாயைக் கடப்பார். கயிறு, பனிக்கோடரி எதுவும் பயன்படுத்த மாட்டார். திபெத் விதிப்படி வழிகாட்டி உடன் வருவார். இந்தப் பயணத்தில் ஏற்படும் உயர நோய் (உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வருவது), மாரடைப்பு, குதிரையிலிருந்து விழுதல் ஆகியவற்றின் சிகிச்சைக்கும் அவசர மீட்புக்கும் இந்தத் திட்டத்தில் காப்பு உண்டா, இல்லையா? எந்தப் பிரிவின்படி?"

"பாலிசி விதிகளுக்கு உட்பட்டது" என்று மட்டும் பதில் வந்தால் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சாகசப் பயணத்துக்கான கூடுதல் காப்பு சேர்த்தால் சில திட்டங்களில் வரம்பு உயரும். அதற்கும் இதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்.

குதிரையை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். அப்பர் பெருமான் கை தேய மார்பு தேயப் போனார் என்பது புராணம். 67 வயதில் திராபுக்கிலிருந்து கணவாய்க்குப் பெரும்பாலும் குதிரைதான். சில பாலிசிகள் குதிரையேற்றத்தையும் சாகச விளையாட்டில் சேர்த்து விலக்கிவிடுகின்றன.

---

நெல்லைத்தென்றல்

மலைக்கோட்டை அண்ணன் சொன்னதோடு, அங்கே ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் எந்த வழியாகக் கீழே இறக்குவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாலிசியில் எந்தெந்த நாடு வேண்டும் என்பது அதில்தான் தெரியும்.

திபெத் பக்கம் ஹெலிகாப்டர் வராது. "ஹெலிகாப்டர் மீட்பு உண்டு" என்று பேக்கேஜில் போட்டிருந்தால் அது நேபாளப் பக்கத்துக்கு மட்டும் பொருந்தும். டோல்மா லா ஏற்றத்தில் ஒருவர் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டால் குதிரையிலோ ஆள் தூக்கியோ வண்டி வரும் இடம் வரை கொண்டுவர வேண்டும். அங்கிருந்து டார்ச்சன். டார்ச்சனிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஜீப்பில் புராங். புராங்கில் சீனக் குடியேற்றச் சோதனை முடித்து எல்லை தாண்டினால் ஹில்சா. ஹில்சாவில்தான் முதல் ஹெலிகாப்டர், அதுவும் வானம் தெளிவாக இருந்தால். அங்கிருந்து சிமிகோட், பிறகு நேபாள்கஞ்ச் அல்லது காத்மாண்டு ஆஸ்பத்திரி.

ஆக, நோய் வருவது சீனாவில், பெரிய செலவு நேபாளத்தில். பாலிசி எடுக்கும்போது இரண்டு நாட்டையும் தேர்ந்தெடுங்கள். "சீனா" மட்டும் டிக் செய்து, நேபாளம் விட்டுப்போன பாலிசி கையில் இருந்தால் ஹெலிகாப்டர் பில் வீட்டுக்குத்தான் வரும். "ஆசியா" திட்டம் என்றாலும் பட்டியலில் இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

குழு விசா என்பதால் ஒரு சிக்கல் உண்டு. இந்த யாத்திரைக்கு விசா பாஸ்போர்ட்டில் ஒட்டாமல் தனித்தாளில் மொத்தக் குழுவுக்கும் சேர்த்து வரும். உள்ளே போன குழு சேர்ந்தே வெளியே வர வேண்டும். ஒருவர் மட்டும் முன்னால் திரும்ப வேண்டுமென்றால் விசாவைப் பிரிக்க வேண்டும், அதற்கு அங்குள்ள வழிகாட்டிதான் ஓட வேண்டும், நேரமும் காசும் ஆகும். இந்தச் செலவைப் பாலிசி தரும் என்று நம்ப வேண்டாம். அவசரமாக ஒருவர் திரும்ப வேண்டியிருந்தால் விசா, தனி ஜீப், துணைக்கு வரும் ஆள் ஆகிய மூன்றுக்கும் யார் பணம் தருவது என்று டூர்காரரிடம் இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

நாள் கணக்கு: 12 நாள் பயணத்துக்கு 12 நாள் பாலிசி எடுக்காதீர்கள். 2018 ஜூலையில் வானிலை கெட்டு, சிமிகோட், ஹில்சா பக்கம் ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய யாத்ரீகர்கள் நாட்கணக்கில் சிக்கினார்கள். குறைந்தது ஏழு நாள் கூடுதலாகப் போடுங்கள். பிரீமியத்தில் பெரிய வித்தியாசம் வராது. பயணத்தின் நடுவே நீட்டிக்கலாம் என்பார்கள். ஹில்சாவில் உட்கார்ந்துகொண்டு இணையதளத்தில் ஓ.டி.பி. போட முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தாமதத்துக்குப் பணம் தருவார்கள் என்றும் நம்ப வேண்டாம். தாமத இழப்பீடு அட்டவணைப்படி ஓடும் விமானத்துக்குத்தான். சிமிகோட் - ஹில்சா ஹெலிகாப்டர் வாடகைக்கு எடுத்தது, அது அந்தக் கணக்கில் சேராது.

---

கும்பகோணத்தான்

இருவருக்கும் மிக்க நன்றி. டூர்காரரிடம் கேட்டதில் ஒரு தாள் அனுப்பினார். "குழு தனிநபர் விபத்துக் காப்பீடு, தலைக்கு 5 லட்சம் ரூபாய்" என்று இருக்கிறது. பெயர்ப் பட்டியல் பின்னால் சேர்க்கப்படும் என்கிறார். இது போதாதா?

---

மலைக்கோட்டை

போதாது தம்பி. அது டிராவல் இன்ஷூரன்ஸே இல்லை.

தனிநபர் விபத்துப் பாலிசி என்பது விபத்தில் இறந்தாலோ உறுப்பு இழந்தாலோ தருவது. உயர நோயால் நுரையீரலில் நீர் கோத்தாலும், மூளை வீங்கினாலும், மாரடைப்பு வந்தாலும் அது விபத்து ஆகாது, நோய். இந்த யாத்திரையில் ஆபத்து அதிகம் வருவது நோயிலிருந்துதான். ஆஸ்பத்திரிச் செலவு, மீட்புச் செலவு பொதுவாக அதில் கிடையாது. அது இந்தியாவுக்கு வெளியே செல்லுமா என்பதையும் பாருங்கள். இருந்தால் இருக்கட்டும், இதை நம்பி வேறு எடுக்காமல் விடாதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது நாலு தலைப்பு: வெளிநாட்டு மருத்துவச் செலவு, அவசர மருத்துவ இடமாற்றம், ஊருக்குத் திருப்பி அனுப்புதல், உடலைக் கொண்டுவருதல். கடைசியைப் பேசக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அரசு யாத்திரையிலேயே, அசம்பாவிதம் நடந்தால் சீனப் பக்கத்திலேயே தகனம் செய்யச் சம்மதக் கடிதம் எழுதி வாங்குகிறார்கள். ஹெலிகாப்டர் இடமாற்றச் செலவுக்கும் தனி உறுதிமொழி உண்டு. அவர்களே கேட்கும்போது நாம் வீட்டில் பேசிவைப்பதில் தப்பில்லை.

இந்த நாலும் ஒரே மொத்தத் தொகைக்குள் வருகிறதா, ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பா என்று பாருங்கள். "1 லட்சம் டாலர்" என்று பெரிதாகப் போட்டுவிட்டு, உள்ளே இடமாற்றத்துக்குச் சிறு தொகையை ஒதுக்கியிருப்பார்கள். 60 வயது தாண்டியவர்களுக்கு அறை வாடகை, ஐ.சி.யூ., அறுவை சிகிச்சை என்று வாரியாக வரம்பு வைக்கும் திட்டங்களும் உண்டு. நேபாளத்திலும் திபெத்திலும் ஆஸ்பத்திரிச் செலவு அமெரிக்கா அளவுக்குப் போகாது. அதனால் உள்வரம்பு இல்லாத 50,000 டாலர், உள்வரம்பு உள்ள 2.5 லட்சத்தைவிட உங்களுக்கு நல்லது.

---

கொங்குமருந்தகம்

அப்பாவின் பி.பி., சர்க்கரை பற்றி யாரும் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் கட்டாயம் எழுதுங்கள். மாத்திரையின் பெயரும் அளவும் சேர்த்து. "மருத்துவச் சோதனை தேவையில்லை" என்று போட்டிருந்தால் கேள்வியே கேட்க மாட்டார்கள் என்று அர்த்தம் இல்லை, கேள்வியைக் கிளெய்ம் வரும்போது கேட்பார்கள். நேபாள்கஞ்ச் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது "பத்து வருஷமாகச் சர்க்கரை" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவார்கள், அந்தத் தாள்தான் முதலில் கம்பெனிக்குப் போகும்.

சொல்லிவிட்டால் முழுக் காப்பும் கிடைத்துவிடும் என்றும் இல்லை. ஏற்கெனவே உள்ள நோய் சார்ந்த செலவுக்கு, பெரும்பாலான திட்டங்களில் உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள் தருவார்கள். சர்க்கரை ஏறித் தலைசுற்றல் வந்து டிரிப் ஏற்றினால் கிடைக்காது. அந்த வரம்பு எவ்வளவு என்று பார்த்து, இரண்டு மூன்று திட்டங்களை அதை வைத்தே ஒப்பிடுங்கள்.

கிளம்பும் முன் மருத்துவரிடம் ஈ.சி.ஜி., டிரெட்மில், எக்கோ, ரத்தப் பரிசோதனை செய்து, உயரமான இடத்துக்குப் போகலாம் என்று தேதியோடு கடிதம் வாங்கிவையுங்கள். "மருத்துவர் ஆலோசனைக்கு எதிராகப் பயணம்" என்பது பாலிசிகளில் வழக்கமாக உள்ள விலக்கு. அதற்குப் பதில் இந்தக் கடிதம்தான். உயர நோய் வராமல் இருக்கத் தரும் டயமாக்ஸ் மாத்திரை பற்றியும் அப்போதே கேளுங்கள். வழக்கமாக 125 மில்லிகிராம் காலை மாலை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து தருவார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும், பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

அதே விலக்கு மலையிலும் வரும். டார்ச்சனில் ஆக்ஸிஜன் அளவு பார்த்து "நீங்கள் மேலே போக வேண்டாம்" என்று சொன்ன பிறகும் அடம்பிடித்துப் போனால், டூர்காரர் அதைக் குறித்துவைத்து கையெழுத்து வாங்கிவிடுவார். அந்தக் கையெழுத்து கிளெய்மை முடித்துவிடும். அப்பாவிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அரசு யாத்திரையில் 70 வயதுக்கு மேலும், பி.எம்.ஐ. 25-க்கு மேலும் அனுமதி கிடையாது. தனியாரில் அந்தக் கண்டிப்பு இருக்காது என்பதால் கவனம் நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

---

புதுவைக்காரர்

கிளெய்ம் பக்கம் சில விஷயங்கள். காகிதம் இல்லாததாலேயே மறுக்கப்படுவது உண்டு.

ஹெலிகாப்டர் ஏறும் முன் பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குத் தகவல் போயிருக்க வேண்டும். நேபாளத்தில் தேவையில்லாமல் ஆட்களை ஹெலிகாப்டரில் ஏற்றி இன்ஷூரன்ஸ் பணம் பார்க்கும் மோசடி பெரிதாக வெடித்து, 2018-ல் அரசே விசாரணை நடத்தியது. அதிலிருந்து கம்பெனிகள் நேபாள ஹெலிகாப்டர் பில் என்றாலே பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கின்றன. முன் அனுமதி வாங்கினால் பணத்துக்கு அவர்களே உத்தரவாதக் கடிதம் அனுப்புவார்கள். இல்லையென்றால் பறக்கும் முன் டூர்காரரோ நீங்களோ சில ஆயிரம் டாலர் கட்ட வேண்டியிருக்கும். கயிலைநாதன் காப்பான், ஹெலிகாப்டர்காரர் கார்டு கேட்பார். வரம்பு அதிகமுள்ள ஒரு கிரெடிட் கார்டு கையில் இருக்கட்டும்.

தகவல் சொல்வது யார்? சீனாவில் வாட்ஸ்ஆப் ஓடாது. இந்தியக் கட்டணமில்லா எண் அங்கிருந்து கிடைக்காமல் போகலாம். அதனால் பாலிசி நகல், பாஸ்போர்ட் நகல், குழு விசா நகல், மருத்துவர் கடிதம் எல்லாம் கும்பகோணத்தில் உங்களிடம் ஒரு செட் இருக்கட்டும். டூர்காரரின் ஆள் உங்களுக்கு ஒரு போன் போட்டால் போதும், நீங்கள் இங்கிருந்தே கிளெய்ம் எண்ணைத் திறந்துவிடலாம். யார் முதலில் யாரைக் கூப்பிடுவது என்று இப்போதே பேசிவையுங்கள். கூப்பிட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பேசியதை உடனே மின்னஞ்சலாகவும் போட்டுவிடுங்கள்.

கீழே இறங்கியதும் நேராக ஹோட்டலுக்குப் போகக் கூடாது. "உடம்பு சரியாகிவிட்டது, ஆஸ்பத்திரி எதற்கு" என்று தோன்றும். உயர நோய் இறங்கினாலே குறையும், அது இயல்பு. ஆனால் அதே நாளில் மருத்துவர் பார்த்து, ஆக்ஸிஜன் அளவு, நோயின் பெயர், இடமாற்றம் ஏன் தேவைப்பட்டது என்று எழுதிக் கொடுத்த தாள் இல்லாவிட்டால், ஹெலிகாப்டர் சுற்றிப் பார்க்கப் போனதாகத்தான் கணக்கு. பில்லில் பயணியின் பெயர், ஏறிய இடம், இறங்கிய இடம், தேதி, நேரம் எல்லாம் இருக்க வேண்டும்.

புராங் ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்பார்கள், தாள் எல்லாம் சீன மொழியில் இருக்கும். சாதா ரசீது வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஃபாபியாவ் என்று கேளுங்கள். அதிகாரப்பூர்வ பில் அதுதான்.

உங்கள் வழியில் மட்டும் உள்ள ஒரு பிரச்சினை: லக்னோவிலிருந்து ரூபைடிஹா எல்லை வழியாக நேபாள்கஞ்ச் போகும்போது இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. சீன விசாவும் தனித்தாள். ஆக, திரும்பி வந்தால் பாஸ்போர்ட் வெறுமையாக இருக்கும், எந்தத் தேதியில் இந்தியாவை விட்டுப் போனார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை. நேபாள்கஞ்ச் ஹோட்டல் பில், சிமிகோட் விமான போர்டிங் பாஸ், முத்திரை குத்திய குழு விசா நகல் மூன்றையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். குழு விசாவின் அசல் டூர் தலைவரிடம் இருக்கும். புராங்கில் முத்திரை விழுந்ததும் அப்பாவின் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும்.

பாலிசியை இந்தியாவில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், நேபாள்கஞ்ச் போய் எடுப்பது செல்லாது.

மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிப்பவர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மலைக்கோட்டை அண்ணன் எழுதச் சொன்ன மின்னஞ்சலும் அதற்கு வந்த பதிலும் அங்கே நல்ல ஆயுதம்.

---

ஸ்ரீரங்கம்_தெற்குவாசல்

இடையில் ஒரு கேள்வி. முக்திநாத் மட்டும் போகிறவர்களுக்கும் இதெல்லாம் வேண்டுமா? வாக்காளர் அட்டை வைத்தே நேபாளம் போகலாமே?

---

நெல்லைத்தென்றல்

போகலாம் ஐயா. ஆனால் பாலிசி எடுக்கப் பாஸ்போர்ட் எண் கேட்பார்கள், அதனால் பாஸ்போர்ட்டோடு போவது நல்லது. சாளக்கிராம திவ்யதேசமான முக்திநாத் ஏறத்தாழ 3,700 மீட்டர்தான். ஆகையால் 4,500 மீட்டர் வரம்பு உள்ள சாதாரணப் பாலிசியே போதும். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து கோயிலுக்குக் குதிரை எடுப்பீர்கள் என்றால் குதிரை விலக்கு மட்டும் பாருங்கள். போக்ரா - ஜோம்சோம் விமானம் காலையில் மட்டும் பறக்கும், பத்து பதினொரு மணிக்கு மேல் காற்று எடுத்துவிடும். ரத்தானால் ஒரு இரவு கூடுதல். அதற்கு இரண்டு நாள் சேர்த்துப் பாலிசி போடுங்கள்.

---

கும்பகோணத்தான்

மூன்று கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டதில் இரண்டு பதில் வந்தது. ஒன்று "விதிகளுக்கு உட்பட்டது". இன்னொன்று, சாகசக் கூடுதல் காப்பு சேர்த்தால் 6,000 மீட்டர் வரை நடைபயணம் உண்டு, கயிறு இல்லாமல் வழிகாட்டி மட்டும் வந்தால் மலையேறுதலாகக் கருத மாட்டோம், ஆனால் குதிரையிலிருந்து விழுந்தால் காப்பு இல்லை என்று பிரிவு எண்ணோடு எழுதியிருக்கிறது.

---

மலைக்கோட்டை

இரண்டாவதை எடுங்கள். குதிரைக்கு மட்டும் காப்பு இல்லை என்று தெரிந்துவிட்டது அல்லவா, இனி அதை அப்பாவிடம் பேசிக்கொள்ளலாம். டோல்மா லாவிலிருந்து இறங்கும் சரிவில் குதிரைக்காரர்களே ஆளை இறக்கி நடக்கச் சொல்வார்கள். அந்த இடத்தில் ஏறி உட்கார அடம்பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். விண்ணப்பத்தில் நாடு இரண்டு, நாள் 19, மாத்திரை விவரம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சான்றிதழ் வந்ததும் பெயரின் எழுத்துகளைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். அப்பா பெயரில் இனிஷியல் விரிவு மாறியிருந்தால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள்.